எந்த வவ்வால்?

12 ஜனவரி 2024

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அம்மா இறந்து எட்டு மாதமாகிறது. அவர் கைப்பட எழுதிய சமையல் நோட்டில் ஒரு குழம்பு. ‘வவ்வால் 1, நடுத்தரம். சின்ன வெங்காயம் கை நிறைய. புளி எலுமிச்சை அளவு’ என்று தொடங்குகிறது. என் மகளுக்கு ஏழு வயது, தமிழ்ப்பள்ளியில் இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். அதைப் படித்துவிட்டு, பாட்டி வவ்வாலையா சாப்பிட்டார் என்று ஒரே அழுகை. மீன் என்று எனக்குத் தெரியும். ஆனால் பசாரில் போய் நின்றால் பாவால் என்ற பெயரில் நாலைந்து மீன் கிடக்கிறது. அம்மா எழுதியது எந்த வவ்வால்?"

12 ஜனவரி, இரவு

மீன்தான் என்று மகளிடம் தைரியமாகச் சொல்லுங்கள். மரத்தில் தலைகீழாகத் தொங்குவதும் வவ்வால், சட்டியில் கொதிப்பதும் வவ்வால். இந்த மீனைத் தட்டில் படுக்கவைத்துப் பாருங்கள், உடம்பு தட்டை, மேலும் கீழும் துடுப்பு பின்னோக்கி வளைந்து இறக்கை விரித்த மாதிரியே இருக்கும். எழுத்தில் வௌவால், பேச்சில் வவ்வால், பழைய தமிழில் வாவல். மலாயில் இந்த மீனுக்குப் பாவால் என்று பெயர். என் பாட்டி நாகப்பட்டினத்துப் பக்கம் கடலோர ஊரில் பிறந்தவர், ரஜூலா கப்பலில் பினாங்கு வந்து இறங்கி, நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிப் பிழைத்தவர். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் மலாய் மீன்காரர் வந்து "பாவால், பாவால்" என்று கூவிய முதல் நாளே சட்டியோடு ஓடினேன் என்பார். மற்ற மீனுக்கெல்லாம் புதுப்பெயர் படிக்க வேண்டியிருந்ததாம், இதற்கு மட்டும் வேண்டியிருக்கவில்லை.

எந்த வகை என்றால் வெள்ளை வவ்வால். சந்தேகமே வேண்டாம்.

14 ஜனவரி

"சந்தேகமே வேண்டாம்" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அண்ணி படித்துவிட்டுத் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். "வெள்ளை வவ்வாலை எந்தத் தோட்டத்துக் குடும்பம் புளிக்குழம்பில் போட்டது? அது விக்கிற விலைக்கு வருஷத்துக்கு ஒரு தடவை வாங்கினா பெரிசு. வாங்கினாலும் மஞ்சள் உப்பு தடவிப் பொரிக்கத்தான். குழம்புக்குக் கருப்பு." அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எங்கள் வீட்டில் வெள்ளை வவ்வால் வாங்கிய நாட்கள் எனக்குத் தேதியோடு ஞாபகம் இருக்கின்றன என்றால் எத்தனை குறைவாக வாங்கியிருப்போம்.

பொங்கல் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. முடித்துவிட்டு பசாருக்கே போய்ப் பார்த்து எழுதுகிறேன்.

21 ஜனவரி

இங்கே பினாங்கில் சௌராஸ்தா மார்க்கெட்டுக்குக் காலை ஆறரைக்கே போய்விட்டேன். இருபது வருடமாக நான் மீன் வாங்கும் பாய் ஒருவர் இருக்கிறார். கேள்வியைச் சொன்னதும் வேலையை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்.

முதலில் வெள்ளை, மலாயில் பாவால் பூத்தே. வெள்ளி மாதிரி மினுங்கும், செதில் அத்தனை சிறியது, விரலில் தேய்த்தால் உதிர்ந்துவிடும். வால் ஆழமாகப் பிளந்திருக்கும், கீழ்ப்பாதி கொஞ்சம் நீளம். அதற்குப் பக்கத்தில் வைத்தது அதே குடும்பத்து இன்னொரு மீன், சீன வவ்வால், மலாய்க்காரர்கள் பாவால் தம்பாக் என்கிறார்கள். இது இன்னும் உருண்டை, வால் அவ்வளவாகப் பிளக்காது, விலை வெள்ளையையும் தாண்டும். சீனர்கள் பெருநாளுக்குத் தேடும் மீன் இது.

அப்புறம் கருப்பு, பாவால் ஈத்தாம். இதைத்தான் பாய் வெகுநேரம் கையில் வைத்திருந்தார். "அக்கா, வால்கிட்ட விரலை வைங்க, தலைப்பக்கமா ஓட்டுங்க" என்றார். ஓட்டினேன், சொரசொரவென்று ரம்பம் மாதிரி ஒரு வரிசை தட்டியது. வெள்ளையில் அதே இடம் வழுவழு. "இது பாறை சாதி. சிஞ்சாருக்குச் சொந்தக்காரன். உருவத்தைப் பார்த்து வவ்வால்னு சொல்லிட்டாங்க."

வீட்டுக்கு வந்து சரிபார்த்தேன், பாய் சொன்னது அப்படியே உண்மை. கருப்பு வவ்வால் விலங்கியல்படி பாறை மீன் குடும்பம். வாலோரம் அந்த முரட்டுச் செதில் பாறைக் குடும்பத்தில் பல மீன்களுக்கு உண்டு, சிஞ்சாருக்கு அது எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று பினாங்கில் சமைக்கிற எல்லோருக்கும் தெரியும், கையைக் கிழிக்கும். வெள்ளைக்கும் கருப்புக்கும் பெயர்தான் சொந்தமே தவிர ரத்தம் சொந்தமில்லை. ஐம்பது வருடம் இரண்டையும் கழுவி அரிந்திருக்கிறேன். ஒரு தடவைகூட அந்த இடத்தில் விரல் வைத்து யோசித்ததில்லை, அதுதான் மனதில் நிற்கிறது.

நான்காவது தங்க வவ்வால், பாவால் எமாஸ். கடலில் கூண்டு கட்டி வளர்க்கிறார்கள், வயிறும் துடுப்பும் மஞ்சள் ஓடியிருக்கும். இதுவும் பாறைக் குடும்பமே.

3 பிப்ரவரி

சீனப் புத்தாண்டுக்கு ஒரு வாரம், வெள்ளை வவ்வால் பக்கமே போக முடியாத விலை. அதனால் இதைச் சொல்ல இதுவே சரியான நேரம்.

போன வருடம் இதே நாட்களில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாவால் பொரியல் என்று கேட்டு வாங்கினேன். வந்த மீனில் மண்வாசம். தலையைத் திருப்பிப் பார்த்தால் வாய்க்குள் பல், அதுவும் மனிதப் பல் மாதிரி சதுரம் சதுரமாக. பில்லில் பாவால் என்றுதான் போட்டிருந்தார்கள், விலையும் கடல் மீன் விலை. அது பாவால் ஆயர் தாவார், நன்னீர் வவ்வால். தென் அமெரிக்காவின் அமேசான், ஒரினோக்கோ ஆறுகளைச் சேர்ந்த பாக்கு மீன், பிரான்யாவுக்கு நெருங்கிய உறவு. குளத்தில் வளர்த்து இங்கே விற்கிறார்கள். தமிழ்நாட்டிலும் இதே கதை நடக்கிறது, அங்கே ரூப்சந்த் என்று பெயர்.

அந்த மீனைக் குறை சொல்ல மாட்டேன். மலிவு, முள் பெரிது, மசாலா தூக்கலாகப் போட்டால் நன்றாகவே இருக்கும். ஆயர் தாவார் என்ற இரண்டு சொல்லை வேண்டுமென்றே விட்டுவிட்டு வெறும் பாவால் என்று எழுதியதுதான் எனக்குக் கோபம். பெயர் பொய்யில்லை, பாதிப் பெயர். கேட்டால் "இதுவும் பாவால்தானே" என்று பதில் வேறு, அதற்கு நான் என்ன சொல்ல முடியும்?

4 பிப்ரவரி

தைப்பிங்கிலிருந்து ஒருவர்: துடோங் பாவாலை விட்டுவிட்டீர்களே என்கிறார். ஆமாம், மலாய்ப் பெண்கள் தலையில் அணியும் சதுரத் துணிக்கும் பாவால் என்றுதான் பெயர். அது நீந்தவும் இல்லை, பறக்கவும் இல்லை, பட்டியலில் சேர்க்க மாட்டேன். ஆனால் அவர் மனைவி "ரெண்டு பாவால் வாங்கிட்டு வாங்க" என்று செய்தி அனுப்ப, இவர் மீன் வாங்கிப் போய் நின்றாராம். வாய்விட்டுச் சிரித்தேன்.

10 மார்ச்

மீனை முடித்தோம், இப்போது நிஜ வவ்வாலுக்கு வருகிறேன். செந்தூல் பெண் குழந்தை இப்போது வவ்வால் படமாக வரைந்து தள்ளுகிறாளாம், அவள் அம்மா எழுதியிருந்தார்.

நாம் வீட்டுக் கூரை இடுக்கில் இருக்கும் கட்டைவிரல் அளவு குட்டியையும் வவ்வால் என்கிறோம், இறக்கை விரித்தால் ஒரு மீட்டரைத் தாண்டுகிற பழந்தின்னியையும் வவ்வால் என்கிறோம். மலாயில் அப்படியில்லை. சிறியது கெலாவார், பெரிய பழந்தின்னி கெலுவாங். ஜொகூரில் குளுவாங் என்று ஒரு ஊரே இருக்கிறது. இங்கே பினாங்கில் பாயான் லெப்பாஸ் போகும் வழியில் பாம்புக் கோயில் இருக்கும் இடத்தின் பெயர் சுங்கை கெலுவாங். எத்தனை ஆயிரம் தடவை அந்தப் பலகையைக் கடந்து ஏர்போர்ட் போயிருப்பேன், பழந்தின்னி ஆறு என்று ஒரு நாளும் காதில் விழவில்லை.

ஆங்கிலத்தில் பழந்தின்னியைப் பறக்கும் நரி என்கிறார்கள். முகத்தைப் பார்த்தால் பொருத்தம்தான்.

இதில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது டுரியான். பாலிக் பூலாவில் என் தம்பி மாமனாருக்குப் பழைய மரங்கள் இருக்கின்றன. டுரியான் பூ சாயங்காலத்துக்கு மேல் மலரும், விடிவதற்குள் இதழ் உதிர்ந்துவிடும். தேனீ எல்லாம் அடங்கிய நேரம். அப்போது வருவது வவ்வால், முக்கியமாகக் குகையில் கூட்டமாக வாழும் தேன் குடிக்கும் சிறிய வவ்வால். ஒரு மரத்துப் பூவில் முகத்தைப் புதைத்துவிட்டு மகரந்தத்தோடு அடுத்த மரத்துக்குப் போகிறது. பெத்தாய் மரத்துக்கும் அதே உபகாரம். தியோமான் தீவில் பழந்தின்னிகளும் டுரியான் பூவுக்கு வந்து போவதைக் கேமரா வைத்துப் பதிவு செய்து 2017இல் ஆய்வாக வெளியிட்டார்கள், பூவை நாசம் செய்யாமல் தேனை மட்டும் நக்கிவிட்டுப் போகிறதாம்.

மாமனார் ஒரு காலத்தில் வலை கட்டிப் பிடித்தவர். "வவ்வால் பழத்தைத் தின்னும், பூவைக் கெடுக்கும், எல்லாம் ஒண்ணுதான்" என்பார். ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டதால் ரம்புத்தான் தின்றதன் கோபம் டுரியானுக்கு உதவியதன் மேல் போய் விழுந்தது.

31 மார்ச்

பினாங்குக் கொடிமலைக்குப் போயிருந்தோம். முருகன் கோயிலிலிருந்து இறங்கி நடக்கும்போது என் பேரன் "பாட்டி, பெரிய வவ்வால்!" என்று கத்தினான். ஒரு மரத்தின் நடுத்தண்டில், பாசி படிந்த பட்டை நிறத்திலேயே ஒரு பொருள் ஒட்டிக்கொண்டிருந்தது. பட்டப்பகல், தலைகீழாகத் தொங்கவில்லை, தலை மேலே. பெரிய உருண்டைக் கண். மடியில் ஒரு குட்டி வேறு எட்டிப் பார்த்தது.

வவ்வால் இல்லை, குபோங். கழுத்திலிருந்து விரல் நுனி, கால் நுனி, வால் நுனி வரை தோல் போர்வை மாதிரி, அதை விரித்து மரத்துக்கு மரம் நூறு மீட்டருக்கு மேலும் சறுக்கும், இறக்கையடித்துப் பறக்காது. ஆங்கிலத்தில் பறக்கும் லெமூர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். லெமூர் மடகாஸ்கரில்தான் உண்டு, இது லெமூரும் இல்லை, பறப்பதும் இல்லை. இன்னும் கேளுங்கள், இன்று உயிரோடு இருக்கும் விலங்குகளில் குரங்கு, மனிதன் அடங்கிய கூட்டத்துக்கு மிக நெருங்கிய உறவு இந்தக் குபோங்தான். பேரன் வவ்வால் என்றது ஒரு மாமா பிள்ளையை.

தமிழில் இதற்கு என்ன பெயர் சொல்லிக் கொடுப்பது என்று நின்றேன். பாட்டி ஊரில் இந்த விலங்கே கிடையாது. குபோங் என்றே சொல்லிக் கொடுத்தேன்.

7 ஏப்ரல்

குரங்கு பற்றி நானே தொடங்க நினைத்தேன், ஈப்போவிலிருந்து ஒரு விலங்கியல் ஆசிரியர் முந்திவிட்டார். பினாங்குத் தமிழர் எல்லாவற்றையும் குரங்கு என்கிறார்கள், மலாயில் கெரா வேறு லோத்தோங் வேறு என்று அழகாகப் பிரிந்திருக்கிறது, தமிழ் இந்த விஷயத்தில் ஏழை என்கிறார்.

இரண்டும் வேறு என்பது சரி. தாவரவியல் பூங்காவில் கையிலிருந்து பிளாஸ்டிக் பையைப் பிடுங்குவது கெரா. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்டுக்கொண்டு, இலையைத் தின்றபடி மேலே சும்மா உட்கார்ந்திருப்பது லோத்தோங், அதன் குட்டி மட்டும் ஆரஞ்சு நிறம். தெலுக் பகாங்கில் இவை சாலையில் அடிபட்டுச் சாவதைத் தடுக்க 2019இல் பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னி மரத்துக்கு மரம் ஒரு பாலம் கட்டினார்கள், லோத்தோங் அதில் நடந்து போவதை அண்ணாந்து பார்த்திருக்கிறேன்.

தமிழ் ஏழை என்பதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முசு என்று ஒரு சொல் இருக்கிறது ஐயா. கருங்குரங்கு, நீண்ட வால், இலை தின்னும் வகை. லோத்தோங்குக்கு அப்படியே பொருந்தும். நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை, கப்பலில் ஏறும்போது கொண்டுவராமல் விட்டுவிட்டோம். மந்தி என்பது இன்னொரு வகை.

8 ஏப்ரல்

திருத்தம். மந்தி இன்னொரு வகை என்று எழுதியது தவறு. தொல்காப்பியத்தின் மரபியலில் குரங்கு, முசு, ஊகம் என்று மூன்று விலங்கைச் சொல்லி, மூன்றின் பெண்ணுக்கும் மந்தி என்றே பெயர் என்கிறது. மூன்றைப் பிரிக்கத் தெரிந்தவர்கள்தான் பெண்ணுக்கு ஒரே பெயர் போதும் என்று வைத்தார்கள். இதைப் படித்ததிலிருந்து என் மனம் கொஞ்சம் மாறிவிட்டது. ஒரே பெயரில் பல விலங்கு இருந்தால் அது அறியாமை என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன், எப்போதும் அப்படியில்லை போல.

19 மே

ஈப்போ ஆசிரியர் விடவில்லை. "முசு நல்ல சொல், நன்றி. ஆனால் ஊருக்கு ஊர் மாறும் பெயரை நம்பி ஆபத்தான விலங்கிடம் போக முடியுமா? எல்லோரும் விலங்கியல் பெயரையே பழகிவிட்டால் என்ன?" என்று கேட்கிறார். இரண்டு நாள் பதில் எழுதவில்லை. காரணம் இருக்கிறது.

எனக்கு ஏழு வயது, அண்ணனுக்குப் பதினொன்று. லயத்துக்குப் பின்னால் கொய்யா மரத்தில் இலைக்கு நடுவில் ஒரு பாம்பு. பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "பச்சைப் பாம்புடா, ஒண்ணும் செய்யாது, கண்ணைக் கொத்தும், முகத்தை மட்டும் கிட்டே கொண்டு போகாதே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் ஊரில் அது உண்மை. அங்கே பச்சைப் பாம்பு என்றால் கொடி மாதிரி மெலிந்து, மூக்கு கூர்ந்த கண்கொத்திப் பாம்பு. கண்ணைக் கொத்துவது கட்டுக்கதை, விஷம் மிக லேசு, மனிதனைக் கொல்லாது. அதன் உறவுப் பாம்பு இங்கேயும் உண்டு, அதுவும் பச்சை, அதுவும் மெலிவு.

அண்ணன் முகத்தைப் பத்திரமாகத் தள்ளி வைத்துக்கொண்டு கையை நீட்டினான். கொய்யா மரத்தில் இருந்தது வாக்ளர் குழிவிரியன். அதுவும் பச்சைதான், அதனால் பச்சைப் பாம்புதான். ஆனால் தலை முக்கோணம், உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி, கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் சூட்டை உணரும் குழி. கட்டைவிரலில் கடித்தது. அவன் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கை தோள் வரை வீங்கியது, தோட்டத்து லாரியில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துவிட்டான், இன்றும் மழைக்காலத்தில் அந்த விரல் மடங்க மறுக்கிறது.

பாட்டி சாகும்வரை அந்த ஒரு வாக்கியத்துக்காக அழுதார். "எங்க ஊர்ல அது ஒண்ணும் செய்யாதுடி" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. சொல் கடல் தாண்டி வந்தது, பாம்பு வரவில்லை.

இதைப் படிக்கும் யாராவது, வீட்டுப் பெரியவர் "இது நம்ம பாம்புதான்" என்று சொன்னாலும், தொடாதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம், கையை ஆட்டாமல் வைத்துக்கொண்டு 999ஐ அழையுங்கள். பாம்பைத் தேடிப் பிடிக்கப் போகாதீர்கள், தூரத்திலிருந்து ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும்.

20 மே

அண்ணன் படித்துவிட்டு அழைத்தார். "லாரி இல்லை, மேனேஜர் கார். லாரியில வந்தது நீயும் பாட்டியும்." சரி, திருத்திக்கொள்ளுங்கள்.

அவர் இன்னொன்றும் சொன்னார், அது இந்த இழைக்கு வேண்டியது. பல வருடம் கழித்துப் பாம்புக் கோயிலுக்கு வேண்டுமென்றே போனாராம், தன்னைக் கடித்தது எது என்று பார்க்க. அங்கே இருப்பது பெரும்பாலும் இதே வாக்ளர்தான், அதனால் அதற்குக் கோயில் விரியன் என்றே ஆங்கிலத்தில் பெயர். ஆனால் கிளையில் சுருண்டிருந்தது கருப்பில் மஞ்சள் பட்டை போட்ட தடித்த பாம்பு. இது வேறு என்று நினைத்தாராம். பராமரிப்பவர்தான் விளக்கினார்: குட்டியும் ஆணும் பச்சை, வளர்ந்த பெண் கருப்பு மஞ்சள், உருவமும் பெரியது. ஒரே இனம். நாம் இதுவரை ஒரு பெயருக்குள் பல விலங்கைத் தேடிக்கொண்டிருந்தோம், இங்கே ஒரு விலங்கை இரண்டு என்று எண்ணி இரண்டு பெயர் வைக்கத் தெரிந்திருக்கிறோம்.

ஈப்போ ஆசிரியருக்கு: நீங்கள் சொன்னது சரி என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

14 ஜூலை

டுரியான் காலம், எங்கள் கூரையில் முசாங். ராத்திரி வந்து போனால் பாண்டான் இலை வாசம் அடிக்கும், அரிசி வேகிற மாதிரி. அதனாலேயே முசாங் பாண்டான் என்று பெயர்.

பாட்டி இதை மரநாய் என்பார். தோட்டத்தில் தென்னங்கள் இறக்கிய காலத்தில் ராத்திரி மரமேறிப் பானையில் வாய் வைத்துவிடும், காலையில் இறக்கினால் பாதிதான் இருக்கும், கள்ளுக்கடை மண்டோர் மரநாயைத் திட்டிக்கொண்டே வருவார். எதிர்வீட்டில் தமிழ்நாட்டிலிருந்து வந்து வேலை பார்க்கும் தம்பி இதே விலங்கைப் பார்த்துவிட்டுப் புனுகுப்பூனை என்கிறார். புனுகுப்பூனை உண்மையில் இதன் உறவு, தரையில் திரிவது, அதன் சுரப்பியில் எடுக்கும் புனுகுதான் சாமிக்குச் சாத்துவது. ஆக ஒரே கூரை மேல் ஒருவருக்கு நாய், ஒருவருக்குப் பூனை. அது இரண்டும் இல்லை, தனிக் குடும்பம். மலாய்க் கதைப் புத்தகத்திலோ நம் கதையில் வரும் நரிக்கும் முசாங் என்றே போட்டுவிடுகிறார்கள், பேரன் அதனால் நரி மரமேறும் என்று நம்பிக்கொண்டிருந்தான்.

முசாங் கிங் டுரியான் பற்றிக் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். கிளந்தானில் குவா முசாங் என்ற ஊர், முசாங் குகை என்று பொருள், அங்கிருந்து வந்த பெயர். 1993இல் டி197 என்ற எண்ணில் பதிவான ரகம். விவசாய இலாகாவில் எண், கடையில் விலங்கின் பெயர். டி197 ஒரு கிலோ என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

15 ஜூலை

உடும்பை விட்டுவிட்டேன் என்று மூன்று பேர். சுருக்கமாக: பாட்டி ஊர் உடும்பு காட்டிலும் மேட்டிலும் திரிவது. நம் சாக்கடை ஓரத்தில் இரண்டு மீட்டர் நீளத்தில் நீந்துவது நீருடும்பு, பியாவாக் ஆயர். இரண்டும் ஒரே பேரினம், ஆகவே பெயர் இங்கே ஏமாற்றவில்லை.

17 நவம்பர்

பல மாதம் எழுதவில்லை, கண் அறுவை சிகிச்சை. இப்போது நன்றாகத் தெரிகிறது.

ஈப்போ ஆசிரியரே ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார், நேர்மையான மனிதர். ராஜநாகம் இத்தனை காலம் ஒரே இனம் என்று இருந்தது, ஓபியோபேகஸ் ஹன்னா, அதில் ஹன்னா என்பது 1836இல் வைத்த பெயர். போன மாதம் வந்த ஆய்வில் அதை நான்காகப் பிரித்துவிட்டார்கள். நம் தீபகற்பத்தில் இருப்பது இனி ஹன்னா இல்லை, பங்காரஸ். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பதற்கு வைத்த புதுப்பெயர் என்ன தெரியுமா? காளிங்கா. கன்னடத்தில் அதைக் கூப்பிடும் பெயரை எடுத்து விலங்கியல் பெயராக்கிவிட்டார்கள். காளிங்க நர்த்தனம் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தப் பெயரை யாரும் விளக்க வேண்டியதில்லை.

"முப்பது வருடமாக மாணவர்களுக்கு ஹன்னா என்றே எழுதிப் போட்டேன். நான் சொன்ன ஒரே பெயரிலும் நாலு விலங்கு இருந்திருக்கிறது" என்று எழுதியிருக்கிறார்.

மே மாதம் அவர் சொன்னதே சரி என்றேன். இப்போதும் பாம்பு விஷயத்தில் துல்லியமான பெயர் வேண்டும் என்றுதான் சொல்வேன், அண்ணன் விரல் சாட்சி. ஆனால் பாட்டியின் பச்சைப் பாம்பைக் குப்பையில் போட மாட்டேன். கருப்பு, வெள்ளை, சீன, தங்க, நன்னீர் என்று முன்னால் ஒரு சொல் சேர்க்கத் தெரிந்த மக்கள், பாம்புக்கும் குரங்குக்கும் சேர்த்திருந்தால் போதும். மீன் விலை கொடுத்து வாங்குவது, அதனால் சேர்த்தோம். மற்றவற்றுக்கு நேரமில்லாமல் விடிகாலை நாலு மணிக்குப் பால்வெட்டுக்கு ஓடினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. என் பேரனுக்கு முசு என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன், கொடிமலையில் சரியாகக் காட்டுகிறான்.

22 டிசம்பர்

செந்தூல் வாசகி நேற்று ஒரு படம் அனுப்பினார். அம்மா நோட்டில் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லையாம், பின்பக்கத்தில் குழம்பு தொடர்கிறது என்று இப்போதுதான் பார்த்திருக்கிறார். எண்ணெய்க் கறை, பென்சில் எழுத்து. நாலாவது வரி: "வால்கிட்ட சொரசொரப்பை நல்லா சீவிடு, பிள்ளை வாயில குத்தும்."

வெள்ளையில் சீவ ஒன்றும் கிடையாது.

அண்ணிக்கு உடனே படத்தை அனுப்பினேன். "ஜனவரியிலேயே சொன்னேன்" என்று ஒரு வரி வந்தது, அதற்குப் பிறகு, "எந்தப் பிள்ளை?" என்று இன்னொரு வரி. அதை வாசகியிடம் கேட்டேன். நோட்டில் தேதி இருக்கிறதாம், அப்போது அவருக்கு மூன்று வயது.

இன்று காலை செந்தூல் பசாரில் கருப்பு வவ்வால் ஒன்று, நடுத்தரம், வாங்கியிருக்கிறார்கள். வால்பக்கம் விரலை ஓட்டிப் பார்த்தது மகளாம்.